பிரிட்டிஷ் இந்தியப் படை மெடல்கள்: அசலா, போலியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு உலகப் போர்களையும் அவற்றுக்கு முன்பின் நடந்த எல்லைப்புறப் போர்களையும் ஒட்டி இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்ட மெடல்களைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம். மெட்ராஸ் சாப்பர்கள் (படைப் பொறியாளர்கள்), பயனியர்கள் (சாலை, அகழி வேலையும் செய்த சிப்பாய்கள்), பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி (காலாட்படை) என்று பல பிரிவுகள் தெற்கிலிருந்து போனதால், இவை தமிழ்நாட்டு வீடுகளின் டிரங்குப் பெட்டிகளிலிருந்தும் வெள்ளிக் கடைகளின் பழைய சாமான் தட்டிலிருந்தும் இன்றும் வெளியே வருகின்றன. வாள், துப்பாக்கி சேகரிப்பு வேறு விஷயம். அதற்கு ஆயுதச் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

மெடல் கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

விளிம்பை. பெரும்பாலானவர்கள் ராஜா தலையையும் பின்பக்கக் குதிரையையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் வார் மெடல் மட்டுமே 60 லட்சத்துக்கு மேல் கொடுக்கப்பட்டிருக்கிறது; முகப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான். மெடலுக்கு மெடல் மாறுவது விளிம்பில் உள்ள எண், பதவி, பெயர், படைப்பிரிவு. சேகரிப்பவர் கொடுக்கும் விலை அந்த ஒரு வரிக்குத்தான். அதனால் ஏமாற்று வேலையும் அங்கேதான் அதிகம் நடக்கிறது. நட்சத்திர வடிவ மெடல்களில் (1914 ஸ்டார், 1914-15 ஸ்டார்) இதே விவரம் பின்பக்கம் இருக்கும்.

வீட்டில் என்னென்ன கருவி வேண்டும்?

0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, வெர்னியர் காலிப்பர், நகைத் தொழிலாளர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், சாய்த்துப் பிடிக்க ஒரு சின்ன டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. அவ்வளவுதான். உரைகல் வேண்டாம், ஒரு கோடு இழுத்தாலும் அந்தத் தழும்பு போகாது.

அசலின் அளவு என்ன?

பிரிட்டிஷ் வார் மெடல், விக்டரி மெடல், எல்லைப்புறப் போர்களுக்கான 1908ஆம் ஆண்டின் இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல் (இனி '1908 மெடல்') ஆகிய வட்ட மெடல்கள் மூன்றும் 36 மி.மீ. விட்டம். 1914-15 ஸ்டார் சுமார் 50 மி.மீ. உயரம், 45 மி.மீ. அகலம். இரண்டாம் உலகப் போரின் ஆறுமுனை ஸ்டார்கள் 44 மி.மீ. உயரம், 38 மி.மீ. அகலம். ரிப்பன் பொதுவாக 32 மி.மீ. அகலம்.

வட்ட மெடலை ஒரு திசையில் மட்டும் அளந்து விட்டுவிடாதீர்கள். மணிக்கூட்டின் 12-6, 2-8, 3-9, 4-10 என நான்கு திசையில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கும் 36க்கு அருகில், ஒன்றுக்கொன்று ஒட்டியே வர வேண்டும்.

35.5 மி.மீ. வருகிறது. போலியா?

அரை மில்லிமீட்டர் குறைய இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, பெயரை அராவி எடுத்திருப்பார்கள். வேறொருவர் பெயரைப் போட்டு விற்பதற்காகவும் நடக்கும். தொலைந்த மெடலுக்குப் பதிலாக ஒரு சிப்பாயே இன்னொருவருடையதை வாங்கித் தன் பெயரை வெட்டிக்கொண்டதும் அந்தக் காலத்தில் நடந்திருக்கிறது. இப்படிச் செய்தால் உள்ளே உள்ள உருவங்களின் அளவு மாறாது. சுற்றியுள்ள மேடான வரம்பு மட்டும் மெலிந்து, ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் ஒடுங்கியும் தெரியும். பட்டையாக இருக்க வேண்டிய விளிம்பு லேசாக உருண்டிருக்கும்.

இரண்டு, அசலிலிருந்து அச்செடுத்து வார்த்திருப்பார்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் மெடல் முழுக்கவே ஒன்றிரண்டு சதவீதம் சிறுத்துவிடும். குதிரையின் மூக்கிலிருந்து வால் வரை அளந்து நல்ல மெடலோடு ஒப்பிட்டால் அதுவும் குறைந்திருக்கும். வரம்பின் அகலம் மட்டும் சீராகவே இருக்கும்.

முதல் வகை பெயர் மாற்றிய அசல் மெடல். வெள்ளி விலையாவது தேறும். இரண்டாவது வகைக்கு அதுவும் சந்தேகம்.

வார்ப்பு மெடலை லென்ஸில் எப்படிக் கண்டுபிடிப்பது?

நாணயச்சாலை மெடல்கள் எஃகு அச்சில் அழுத்தி அடிக்கப்பட்டவை. எழுத்தின் பக்கச் சுவர் செங்குத்தாக, பின்னணி கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். வார்ப்பில் எழுத்தின் அடி மழுங்கி, பின்னணியோடு கரைந்தாற்போல் முடியும். பின்னணியில் ஊசிமுனைத் துளைகள், சில இடங்களில் சின்னச் சின்ன உருண்டை மேடுகள் இருக்கும். அவை அச்சில் சிக்கிய காற்றுக்குமிழின் தடயம். விளிம்பைச் சுற்றிக் கோடு ஓடினாலோ, அதை அராவிய கீறல்கள் ஒரே திசையில் கிடந்தாலோ அது வார்ப்புதான். தேய்மானத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தேய்ந்த அசலில் உயரமான இடங்கள்தான் மழுங்கும், பள்ளங்கள் கூர்மையாகவே இருக்கும். வார்ப்பில் பள்ளமும் சேர்ந்தே மழுங்கியிருக்கும்.

வெள்ளிதானா என்று மெடலைக் கெடுக்காமல் சோதிக்க முடியுமா?

முடியும். ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று பார்க்க வேண்டும்.

ரிப்பனைக் கழற்றுங்கள். மெடலைத் தராசில் வைத்து எடையைக் குறியுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். மெடலை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கச் சுவரையோ தொடாமல் தண்ணீரில் முழுக முக்கிப் பிடியுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். மெடல் 31.20 கிராம், தண்ணீரில் காட்டிய எண் 3.02 என்றால் விடை 10.33. ஸ்டெர்லிங் வெள்ளி 10.36 அளவில் இருக்கும், ஆகவே சரி. நிக்கல் கலந்த செம்பும் வெண்கலமும் 9க்குச் சற்றுக் கீழே, பித்தளை 8.5 பக்கம், துத்தநாகக் கலவை 7க்கும் கீழே வரும்.

தவறு பெரும்பாலும் குமிழியால் வரும். ரிப்பன் தொங்கும் கம்பியின் மூலையில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலும் விடை குறைந்து, நல்ல வெள்ளி கலப்படம்போலத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெடலை இரண்டு மூன்று முறை முக்கி எடுத்துவிட்டு அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஒற்றித் துடைத்து, நிழலில் காய வையுங்கள்.

நகைக்கடை எக்ஸ்ரே கேரட் மெஷினில் வைத்துப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் அது மேல்பரப்பை மட்டும் படிக்கும். தடிமனான வெள்ளி முலாம் பூசியிருந்தால் வெள்ளி என்றே சொல்லும். இரண்டு சோதனையும் ஒத்துப்போனால் நம்பலாம்.

வெண்கல வார் மெடல் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அப்படி உண்டா?

உண்டு. சீனர், மால்டாக்காரர், இந்தியர் முதலான தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில் சுமார் 1,10,000 கொடுத்தார்கள். வெள்ளியைவிட இது அரிது என்பதால், வெள்ளி மெடலைப் பழுப்பாகச் சாயமேற்றி விற்பவர்களும் உண்டு. ஒப்படர்த்தி 10க்கு மேல் வந்தால் கதை முடிந்தது. 9க்குக் கீழே வந்தால் அடுத்து விளிம்பைப் படியுங்கள்: லேபர் அல்லது போர்ட்டர் கோர் போன்ற பிரிவு இருக்க வேண்டும். பயனியர் சிப்பாய் பெயரில் வெண்கலம் வந்தால் யோசிக்கத்தான் வேண்டும்.

பெயர்ப் பொறிப்பு அசலா என்று எப்படித் தெரியும்?

இந்த ஒரு கேள்விக்காகவே லென்ஸ் வாங்கலாம்.

முதல் உலகப் போர் மெடல்களில் எழுத்துகளை வெட்டாமல் அச்சால் அழுத்தி அடித்திருக்கிறார்கள். அடிக்கும்போது உலோகம் எங்கும் போவதில்லை, பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கிறது. டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து ஒளியை விளிம்பின் மேல் ஓடவிட்டால், ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் மயிரிழை மேடு தெரியும். பழைய மெடலில் அந்த மேடு மற்ற பகுதியோடு சேர்ந்தே தேய்ந்து மெருகேறியிருக்கும். கூர்மையாக, விரலில் நெருடினால் புதிதாக அடித்தது.

உளியால் வெட்டிய எழுத்தில் உலோகம் வெளியே வந்துவிடும். பள்ளம் ஆங்கில வி வடிவில் இருக்கும். கோடு முடியும் இடம் ஊசிபோலக் கூராகும். ஓரத்தில் மேடு இருக்காது. வெட்டிய எழுத்து என்றாலே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1895ஆம் ஆண்டின் இந்தியா மெடலிலும், 1908 மெடலின் முதல் வெளியீடுகளிலும் சாய்ந்த கையெழுத்து பாணியில் வெட்டுவதுதான் வழக்கம். விக்டரி மெடலில் அந்தப் பாணி இருந்தால்தான் சிக்கல்.

லேசரில் செதுக்கியது இப்போது அதிகம் வருகிறது. பள்ளத்தின் அடி மணல்போல் பொறிப்பொறியாக, எல்லா எழுத்தும் ஒரே ஆழத்தில், ஓரம் சற்றுக் கருகி இருக்கும். கையால் அடித்ததில் ஓர் எழுத்து சற்று ஆழம், அடுத்தது கொஞ்சம் மேலே ஏறி, இன்னொன்று லேசாகச் சாய்ந்து கிடக்கும். அந்த ஒழுங்கின்மை நல்ல அறிகுறி.

ஓரிரண்டு எழுத்துக்குக் கீழே மட்டும் விளிம்பு குழிந்திருந்தால், பிழையான எழுத்தை நாணயச்சாலையே திருத்தியிருக்கலாம். பெயர் முழுவதற்கும் கீழே குழிந்திருந்தால் வேறு சங்கதி. ரீபிளேஸ்மென்ட், டூப்ளிகேட் என்று சேர்த்து அடித்திருப்பது தொலைந்ததற்குப் பதிலாக அரசே கொடுத்தது. அதை ஒளிக்காமல் சொல்லி விற்றால் குற்றமில்லை. அந்தச் சொல்லை அராவித் தேய்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டல் தப்பும் தவறுமாக இருக்கிறதே?

அதனால் ஒன்றுமில்லை. முனுசாமியையும் அந்தோணியையும் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ஆளின் இரண்டு மெடலில்கூட வேறு வேறு மாதிரி வரலாம். எண்ணும் பிரிவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரே பிரிவில் பல முனுசாமிகள் இருந்திருப்பார்கள். எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள்.

நான்கைந்து மெடல்கள் சேர்ந்த தொகுப்பாக வந்தால்?

தொகுப்புக்கு விலை கூடுதல் என்பதால், தனித்தனியாகக் கிடந்தவற்றைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். விதிகள் தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலேயே பாதியைக் கழித்துவிடலாம்:

- 1914 ஸ்டாரும் 1914-15 ஸ்டாரும் ஒரே ஆளுக்குக் கிடையாது.
- விக்டரி மெடல் பெற்றவருக்கு வார் மெடலும் உண்டு. வார் மெடல் மட்டும் தனியாகப் பெற்றவர்கள் இருக்கிறார்கள், மறுதலை இல்லை.
- பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் சேர்ந்து வராது. இரண்டுக்கும் தகுதி பெற்றவருக்கு ஒரு ஸ்டாரும் அதன் ரிப்பனில் ஒரு பட்டையும் (போர்க்களத்தின் பெயர் பொறித்த சின்ன உலோகத் தகடு) மட்டும்தான்.
- இந்தியா சர்வீஸ் மெடலும் டிஃபென்ஸ் மெடலும் ஒருவருக்கே கொடுக்கப்படவில்லை.

விக்டரி மெடல் மட்டும் தனியாகக் கிடைத்தால் அதைப் போலி என்று நினைக்க வேண்டாம். கூட இருந்த வெள்ளி வார் மெடல் எங்கோ உருகியிருக்கும். 1979-80இல் வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது உலகம் முழுக்க ஏராளமான வார் மெடல்கள் பட்டறைக்குப் போயின.

படைப்பிரிவை வைத்தும் சரிபார்க்கலாமா?

கட்டாயம். போலி செய்பவர்கள் வரலாறு படிப்பதில்லை.

1914 ஸ்டார் என்பது 1914 ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 வரை பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பணிபுரிந்தவர்களுக்கு மட்டும். 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி அதே நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் சண்டையிட்டது. அங்கே போனவருக்கு உரியது 1914-15 ஸ்டார். ஆகவே அந்தப் பிரிவின் பெயரோடு 1914 ஸ்டார் வந்தால், அந்த ஆள் வேறு பிரிவோடு இணைந்து பிரான்ஸ் போனதற்கு ஆதாரம் கேளுங்கள்.

1922 சீரமைப்பில் பழைய எண்கள் ஒழிந்து, பயனியர்கள் மெட்ராஸ் பயனியர்கள் என்ற ஒரே அமைப்புக்குள் வந்தார்கள். 'பர்மா 1930-32' பட்டை உள்ள மெடலில் '64 பயனியர்ஸ்' என்று இருந்தால் காலம் இடிக்கிறது. முதல் உலகப் போர் மெடல்களில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அவை போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்தே வழங்கப்பட்டன.

பட்டைகளில் என்ன தில்லுமுல்லு நடக்கிறது?

1908 மெடலுக்கு மொத்தம் 12 பட்டைகள். 'அஃப்கானிஸ்தான் என்.டபிள்யூ.எஃப். 1919' (என்.டபிள்யூ.எஃப். என்றால் வடமேற்கு எல்லைப்புறம்) எங்கும் கிடைக்கும். மாப்பிளா கிளர்ச்சிக்கான 'மலபார் 1921-22' அரிது. 'வசிரிஸ்தான் 1925' மிக மிக அரிது, அது விமானப்படைக்கும் அதோடு இணைந்திருந்த சிலருக்கும்தான். சாதாரண மெடலில் அரிய பட்டையை மாட்டிவிட்டால் விலை எங்கேயோ போகும்.

பட்டையின் இரு காதுகளையும் தொங்கும் கம்பியோடு பிணைக்கும் ஆணிகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறம், ஒரே தேய்மானம், ஒரே தலையளவாக இருக்க வேண்டும். புதுப் பித்தளைக் கம்பி, பற்றுப்பொடி வழிந்த தடம், இடுக்கிப் பல் பதிந்த கீறல் இருந்தால் கை வைத்திருக்கிறார்கள். பல பட்டைகள் இருந்தால் முதலில் பெற்றது மெடலுக்கு மிக அருகில் இருக்கும். 1914 ஸ்டாரின் பட்டை மட்டும் ஆணி போட்டதல்ல. ரிப்பனில் வைத்துத் தைப்பது. நகல்கள் அதிகம் புழங்குவதால் அதற்கென்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இந்த 1908 மெடலை லண்டனிலும் கல்கத்தாவிலும் அடித்தார்கள். மெடலைக் கம்பியோடு பிடிக்கும் நகம் லண்டன் அடிப்பில் வேலைப்பாடோடும், கல்கத்தா அடிப்பில் வெறுமையாகவும் இருக்கும். இது தெரியாமல் கல்கத்தா மெடலைப் போலி என்று ஒதுக்கி, மலிவாகக் கைவிட்டவர்கள் உண்டு.

ரிப்பன் புதிதாக இருந்தால் மெடலும் சந்தேகமா?

இல்லை. ரிப்பன் மக்கும், மாற்றுவார்கள். "தாத்தா போட்டிருந்த அதே ரிப்பன்" என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் மட்டும் புற ஊதா விளக்கை அடியுங்கள். இருட்டில் வெள்ளைப் பகுதி பளீரென்று நீல வெண்மையாக ஒளிர்ந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவலான வெளுப்பூட்டி அதில் இருக்கிறது. சோப்புப் பொடியில் துவைத்திருந்தாலும் இப்படி ஒளிரும் என்பதால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு மயிர் பொசுங்கும் நாற்றம் தரும், பருத்தி காகிதம்போல எரியும், பாலியஸ்டர் உருகி மணியாகும்.

நன்றாகக் கறுத்திருக்கிறது. பழசுக்கு அடையாளம்தானே?

கறுப்பைக் கந்தகத்தில் ஒரு மணி நேரத்தில் வரவழைத்துவிடலாம். இயற்கையாக வந்த நிறம் மேட்டில் வெளிறி, பள்ளத்தில் அடர்ந்து, இடையில் சாம்பல், பழுப்பு, நீலம் என்று மெதுவாக மாறும். செயற்கையில் மேடு பள்ளம் எல்லாம் ஒரே மை நிறம், அல்லது திட்டுத்திட்டு. பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு விளிம்பின் ஒரு மூலையில் ஒற்றுங்கள். கறுப்பு பஞ்சில் ஏறினால் அது பூட் பாலிஷோ வார்னிஷோதான். எனாமல் வேலை உள்ள பதக்கங்களில் இதைச் செய்யக் கூடாது.

புளி, விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

வேண்டவே வேண்டாம். புளியின் அமிலம் வெண்கலத்தின் பழுப்பை அரித்துச் செந்நிறமாக்கிவிடும். அது திரும்ப வராது. விபூதியும் பற்பசையும் பொடி உராய்வால் எழுத்தோரத்து மேட்டைத் தேய்க்கின்றன. மேலே சொன்ன சோதனைக்கு ஆதாரமே அந்த மேடுதான். அழுக்கு மட்டும் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு மென்மையான சோப்பு, மிருதுவான பிரஷ் போதும். வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அதைத் தனியே பிரித்து வையுங்கள். அது குளோரைடு அரிப்பு. ஈரம் இருக்கும்வரை உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

தரத்தை எப்படி மதிப்பிடுவது?

விளிம்பின் பெயர் முழுதாகப் படிக்கும்படி இருப்பது முதல். அடுத்து, கம்பியும் நகமும் ஆடாமல், பற்றவைக்காமல் இருப்பது. முகத்தின் தேய்மானம் மூன்றாவதுதான். நம் பக்கத்து மெடல்களில் அடிக்கடி காணும் குறை, கம்பியை வெட்டிவிட்டு மாலையில் கோர்க்கக் கொக்கி பற்றவைத்திருப்பது. மெடல் அசல்தான் என்றாலும் விலை வெகுவாக இறங்கும். கொக்கியை எடுத்துப் புதுக் கம்பி வைத்துச் "சரிசெய்தால்" இன்னும் கெடும். அப்படியே வைத்திருங்கள், ஒரு குடும்பம் அதை எப்படி அணிந்தது என்பதும் வரலாறுதான்.

வீரதீர விருதுகள் விற்பனைக்கு வருகின்றனவே?

அவற்றை அறிவிக்க அரசிதழ் உண்டு. பெயர், பிரிவு, தேதி மூன்றும் அதில் கிடைக்கும். மெட்ராஸ் சாப்பர் சுபேதார் சுப்ரமணியனுக்கு 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மீது விழுந்து மற்றவர்களைக் காத்ததற்காக மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது பொதுப் பதிவில் உள்ள செய்தி. இத்தகைய விருதுகளின் நகல்களைச் சட்டப்படியே தயாரித்து விற்கிறார்கள். பின்பக்கம் 'காப்பி' என்ற சொல்லை அராவிய தடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆளைப் பற்றி எங்கே தேடுவது?

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் எளிது. மெசபடோமியாவில் இறந்தவர்கள் பாஸ்ரா நினைவகத்திலும், பிரான்சில் இறந்தவர்கள் நூவ் ஷப்பெல் நினைவகத்திலும் பதிவாகியிருக்கிறார்கள். உயிரோடு திரும்பியவர்களைத் தேடுவது கடினம். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களையும், பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 100 மெடல் பட்டியலையும் பார்க்கலாம். பின்னது முதல் உலகப் போருக்கு முந்தைய படையெடுப்புகளுக்குத்தான் அதிகம் உதவும்.

ஆன்லைனில் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

விளிம்பைச் சுற்றிலும் சுழற்றி எடுத்த ஆறு படங்கள், அதில் குறைந்தது இரண்டு சாய்ந்த ஒளியில். காலிப்பர் மாட்டிய படம் ஒன்று, தராசில் வைத்த படம் ஒன்று. ரிப்பன் இல்லாமல் இரு முகமும். மெடலைக் கையில் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் பத்து நிமிட வேலை. தயங்கினால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரமே இன்னொன்று வரும்.

சட்டப்படி வைத்துக்கொள்ளலாமா? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாமா?

வைத்துக்கொள்ளலாம். அனுப்புவதில்தான் சிக்கல். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய பொருள் தொல்பொருள் ஆகிறது. அதை ஏற்றுமதி செய்ய மத்திய அரசுக்கும் அது அங்கீகரித்த அமைப்புக்கும் மட்டுமே உரிமை. அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் தேவை. 1914-15 ஸ்டார், வார் மெடல் எல்லாம் இப்போது அந்த வரம்புக்குள் வந்துவிட்டன. இரண்டாம் உலகப் போர் ஸ்டார்கள் இன்னும் வரவில்லை. அந்த ஸ்டார்களைச் சூட்கேஸில் கொண்டுபோவதானாலும் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் வாதாட வேண்டியிருக்காது.

எப்படிப் பாதுகாப்பது?

பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து பச்சை பிடிக்கும். பாலியஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறையில், மெடலுக்கு ஒன்றாக வையுங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் இருப்பதால் வெள்ளியில் கறுப்புக் கோடு விழும். பிளைவுட் பெட்டியிலிருந்து அமில ஆவி வரும். கடலோர ஊர்களில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, அது நிறம் மாறியதும் மாற்றுங்கள். எடை, நான்கு திசை விட்டம், விளிம்பு எழுத்து, யாரிடம் எப்போது வாங்கியது ஆகியவற்றை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, அதே உறைக்குள் மெடலின் மேல் படாமல் தனி மடிப்பில் செருகி வையுங்கள்.